பந்தியும் பாயும்: தஞ்சை மண்ணில் மாணவர் நலன் என்கிற வரலாறு

1

மாணவர் நலன் என்று இன்றைக்கு அரசாணைகளிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் எழுதியிருக்கிறது. மனநல ஆலோசனை, 14417 என்கிற தொலைபேசி எண், 'மாணவர் மனசு' என்று பெயர் போட்ட புகார்ப் பெட்டி என்று உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பலதும் வந்தாயிற்று. வரட்டும். வேண்டாமென்று சொல்கிறவர்கள் இல்லை நாம். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பழைய தஞ்சை ஜில்லாவில் - இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் - ஒரு வரலாறு இருக்கிறது. அது மனசில் தொடங்கவில்லை, வயிற்றில் தொடங்கியது. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, ராத்திரி யார் எந்தக் கூரைக்குக் கீழே பாய் விரிப்பது என்பதில் தொடங்கியது.

சோறும் இடமும். இந்த இரண்டையும் யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்று கேட்காமல் மாணவர் நலனைப் பேசுகிறவர்கள் கதையில் பாதியைத்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதி நம்முடையது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

2

காவிரியில் விளைந்த நெல்லுக்குக் கணக்கு எழுதியவர்கள் தர்மத்துக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798 - 1832) காலத்தில் ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் நடந்தன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. வழிப்போக்கர்களுக்குச் சோறு, கூடவே பாடசாலை, படிக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு போடுவதாக 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜியே சொல்கிறார்.

நல்ல காரியம்தான். ஆனால் வழிப்போக்கன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். மாணவன் போகமாட்டான், இருப்பான். அதே கூரைக்குக் கீழே தின்று, தூங்கி, எழுந்து, எழுத்துப் படிப்பான். போகிறவனுக்குச் சோறு போடுவது தர்மம். இருக்கிறவனுக்கு இடம் விடுவது பங்கு. தர்மம் பண்ணுகிற கை பங்கு கொடுக்க வரும்போது மடங்கிக்கொள்ளும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கை மடங்கியது 1920களில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரச் சொத்தில் நடந்த மாணவர் விடுதிகளில் இலவசமாகச் சாப்பிட்டுப் படித்தவர்கள் பிராமணப் பிள்ளைகள். நீதிக்கட்சியைச் சேர்ந்த ஏ.டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுத் தலைவராக வந்த பிறகுதான் அந்தக் கதவு மற்றவர்களுக்குத் திறந்தது. திராவிட இயக்கத்தார் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஊர் நெல்லில் வந்த சோறு ஒரே தெருவுக்கு என்றிருந்ததை உடைத்தது சின்னக் காரியமில்லை.

ஆனால் 'பிராமணரல்லாதார்' என்கிற சொல்லுக்குள் சேரி தானாக வந்துவிடுவதில்லை. வந்துவிடும் என்றால் 1923இல் எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டியதில்லை. குடியானத் தெருப் பையன் விடுதிக்குள் போனான், சரி. அவன் வீட்டு வயலில் சேறு மிதித்தவனின் பிள்ளை? அவனுக்கு விடுதிக்கு முன்னால் பள்ளிக்கூட வாசல் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலுக்கும் முன்னால் பண்ணையிலிருந்து ஆளை விடுவிக்க வேண்டியிருந்தது.

3

பண்ணையாள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருக்குச் சொந்தம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் மாடு மேய்க்க ஆள் குறையும். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். வெள்ளைக்கார சர்க்கார் 1920 வாக்கில் தாழ்த்தப்பட்டோர் காரியங்களை லேபர் கமிஷனர் கையில் கொடுத்தபோது வீட்டுமனையும் கிணறும் பள்ளிக்கூடமும் ஒரே இலாகாவின் வேலையாகச் சேர்ந்து வந்தன. பள்ளிக்கூடத்துக்கும் மனைக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு ஜில்லாக்காரன் கேட்கலாம். தஞ்சாவூர்க்காரன் கேட்கமாட்டான். காலுக்குக் கீழே இருக்கிற மண் நம்முடையது இல்லையென்றால் கையில் இருக்கிற சிலேட்டும் நம்முடையது இல்லை.

கிழவர்கள் வாயில் அது 'லேபர் பள்ளிக்கூடம்'. 1949இல் அரிசன நலத்துறை வந்ததும் 'அரிசன பள்ளிக்கூடம்' ஆனது. பிறகு 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி'. பெயர் இரண்டு தடவை மாறியது. பள்ளிக்கூடம் இருந்த இடம் மாறவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தான்.

சர்க்கார் கொடுத்த கதை இப்படி. நாமே கட்டிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. கொள்ளிடத்துக்கு வடகரையில், சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சகஜானந்தர் (1890 - 1959) நம்மவர். துறவியாக வந்து, சட்டசபை வரை போனவர். நந்தன் என்கிற பெயரையே எடுத்துக்கொண்டார் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் கதையில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கேட்டு மன்றாடுகிறான். பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டை இவர் கதையில் வருகிறார் - தஞ்சாவூர் வயலைப் பார்த்தவருக்கு ஆண்டை இல்லாமல் கதை சொல்ல முடியவில்லை. அந்த நந்தன் நெருப்பில் இறங்கிய ஊரில், நந்தன் பெயரால் பிள்ளைகளுக்குப் பலகையும் சோறும் படுக்க இடமும் கிடைத்தன. சாமியைப் பார்க்க உத்தரவு கேட்ட இடத்தில் படிக்க உத்தரவு கேட்காத பிள்ளைகள் உண்டானார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் போதாது, பாயும் வேண்டும் என்பது அன்றைக்கு நம்முடைய தலைவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1924இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அம்பேத்கர் அடுத்த வருஷமே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தபோது அவர் போராடிப் பெற்றதுதான் 1944இல் வருஷத்துக்கு மூன்று லட்சம் ரூபாயோடு தொடங்கிய உதவித்தொகை. மெட்ரிக்குக்கு மேலே படிக்கிற தலித் மாணவர்கள் இன்றுவரை கையெழுத்துப் போட்டு வாங்குகிற தொகையின் வேர் அது. இவர்கள் யாரும் 'மாணவர் நலன்' என்று சொல்லவில்லை. செய்தார்கள்.

4

1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் பி. சீனிவாசராவ் விவசாயச் சங்கக் கொடியை ஏற்றினார். சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்று சேரிகள் கேட்டன. அடியும் சாணிப்பாலும் பெரியவர்களுக்கு மட்டும் நடந்த கொடுமையாகப் பலரும் எழுதுகிறார்கள். அப்பனுக்குச் சாணிப்பால் கொடுத்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு எந்த டாக்டர் எந்தக் கவுன்சலிங் கொடுத்தார்? அந்தப் பிள்ளைக்கு மனசு இல்லையா? சேரியின் மனநல வரலாறு என்று யாராவது எழுதினால் அங்கேயிருந்துதான் எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளின் மனநோய்க்கு மருந்து கொடுத்தது சங்கம். அடித்தால் திருப்பி அடி என்ற அந்த ஒரு சொல்.

1952இல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. கண்ட நேரத்தில் பண்ணையாளை விரட்டக்கூடாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்றது. மறு வருஷம், 1953இல், அதே ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று பெரியார் பெயர் வைத்தது அதற்குத்தான். தச்சன் பிள்ளை தச்சு கற்கும், குயவன் பிள்ளை சக்கரம் சுற்றும் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். பண்ணையாள் பிள்ளை என்ன கற்கும்? மாடு மேய்க்கும், சாணி அள்ளும், ஆண்டையைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டக் கற்கும். ஒரு வருஷம் சட்டம் போட்டு அப்பனைப் பண்ணையிலிருந்து கொஞ்சம் அவிழ்த்துவிட்டு, அடுத்த வருஷம் பிள்ளையைக் கொண்டுபோய் அதே முளையில் கட்டப் பார்த்தது. 1954இல் காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

படிப்புக்கு எதிரி திட்டம் மட்டுமில்லை, பருவமும்தான். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். தண்ணீர் வந்தால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி, தை மாதம் அறுப்பு. வருஷப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலத்தில் களத்தில் ஆள் வேண்டும். வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பஞ்சாங்கம் என்றால் சேரிப்பிள்ளை எந்தப் பக்கம் போகும்? கூலி போதுமென்றால் பள்ளிக்கூடம் போகும். போதாதென்றால் அம்மாவோடு நடவுக்குப் போகும். ஆகவே இந்த மண்ணில் கூலிப் போராட்டம் ஒவ்வொன்றும் பிள்ளைகளின் படிப்புப் போராட்டம்தான்.

அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்தார்கள். எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எந்த வகுப்பு வருகைப் பதிவேட்டில் எந்தெந்தப் பெயருக்கு நேரே அடுத்த வாரம் கோடு போட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. குடிசை போட்ட மண்ணைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் 'வீட்டுப்பாடம்' என்ற சொல்லில் உள்ள வீடு நமக்கு வந்தது.

5

இனி சோற்றுக்கு வருவோம். சென்னை மாநகராட்சியில் 1920இல் தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டார்கள். பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் ஒரு பங்கு அரசுப் பணம், ஒரு பங்கு ஊர் நன்கொடை. பசித்த பிள்ளை பள்ளிக்கூடம் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஊர் நன்கொடை என்றால் மிராசுதார் மூட்டை என்று அர்த்தம். காலையில் அப்பன் கூலி உயர்வு கேட்டு வரப்பில் நிற்கிறான். மத்தியானம் பிள்ளை அதே ஆண்டையின் நெல்லுச்சோற்றுக்குத் தட்டை நீட்டுகிறது. தட்டை நீட்டிய கை, கொடி பிடித்த கையைப் பார்த்து வெட்கப்பட வேண்டிய நிலைமை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இந்த முடிச்சு அவிழ்ந்தது. முழுச்செலவும் அரசு. 1984இல் பதினைந்து வயது வரை நீட்டியதும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. யாரும் யாருக்கும் தர்மம் பண்ணவில்லை. வரிப்பணத்துச் சோறு, உரிமைச் சோறு. "சோத்துக்குத்தான் பள்ளிக்கூடம் போனோம்" என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் கிடையாது. இதைக் கேலியாகச் சொல்கிற வாத்தியார்களும் உண்டு. நாங்கள் கேலியாகச் சொல்லவில்லை. சோற்றுக்குப் போனோம், எழுத்தோடு திரும்பினோம். இதில் என்ன குறை?

ஆனால் உரிமைச் சோற்றையும் அலட்சியமாகப் பொங்கினால் என்ன ஆகும் என்பதைக் கும்பகோணம் காட்டியது. 2004 ஜூலை 16. மேலே கீற்றுக் கொட்டகை, கீழே சத்துணவு அடுப்பு, நடுவே குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள். வசதி இருந்தவன் தன் பிள்ளையை அந்தக் கூரைக்குக் கீழே உட்கார வைத்திருக்க மாட்டான்.

சமைத்தவள் யார் என்கிற கேள்வி இன்னொன்று. சத்துணவு வேலை ஆதரவற்ற பெண்களுக்கு, நம் பெண்களுக்கும், மாதச் சம்பளம் கொடுத்தது. சேரிப் பெண் கையால் பொங்கிய சோற்றை ஊர்ப்பிள்ளை தின்ன வேண்டி வந்தது. கோயிலும் கிணறும் செய்யாததை ஒரு சோற்றுப்பானை செய்யத் தொடங்கியது. அதனால்தான் அடி விழுவதும் அங்கேயே. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று கூடி நின்றார்கள். 2023 செப்டம்பரில் உசிலம்பட்டி என்கிற ஊரில் தலித் பெண் சமைத்த காலைச் சிற்றுண்டியைப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அந்த ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா? எட்டயபுரத்துக்குப் பக்கத்தில். காமராஜர் தொடங்கிய சோறு அறுபத்தேழு வருஷத்தில் அங்கிருந்து எத்தனை மைல் நடந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு போடுவது அரசியல் என்பது கறுப்பர்களுக்கும் தெரியும். வெண்மணி எரிந்த மறு மாதம், 1969 ஜனவரியில், அமெரிக்காவின் ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். துப்பாக்கியைக் கண்டு பயந்ததைவிட அந்தச் சோற்றைக் கண்டு எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் அதிகம் பயந்தார். தன்னவர் கையால் மரியாதையோடு தின்ற பிள்ளை தலை நிமிர்ந்து வகுப்புக்குப் போகும் என்பதுதான் அந்தப் பயம். தமிழ்நாட்டில் காலை உணவு 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் நாகை மாவட்டத்துத் திருக்குவளையில் வைத்து விரிவாக்கப்பட்டது. வெண்மணியும் நாகை மாவட்டம்தான். ஐந்தாம் வகுப்போடு முடிகிற மாதிரி அதை வகுத்தார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலைப் பசி நின்றுவிடும் என்று எந்தச் சத்துக் கணக்கு சொன்னது?

6

பாய்க்கு வருகிறேன். ஆதிதிராவிடர் நல விடுதி - எங்கள் பேச்சில் 'ஆஸ்டல்'. மாநிலம் முழுக்க 1,300க்கும் மேல் இருக்கின்றன. நான் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை அப்படி ஒரு மாணவியர் ஆஸ்டலில் இருந்தவள். "அங்க போனா மூணு வேளைக்கும் சோறு கெடைக்கும் பாப்பா, இங்க இருந்தா என்கூட நடவுக்குத்தான் வருவே" என்று சொல்லி அம்மா ஒரு தகரப்பெட்டியோடு கொண்டுவந்து விட்டாள். அவள் சொன்னதில் மாணவர் நலத்தின் மொத்தத் தத்துவமும் இருக்கிறது.

மூன்று வேளையும் கிடைத்தது. சாம்பாரில் பருப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள். முட்டை போடுகிற நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைப்போம். கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாதவிலக்கு நாட்களில் தண்ணீர் இல்லாமல் போனால் பக்கத்து மோட்டார் கொட்டகைக்கு விடியற்காலையில் நாலைந்து பேராய்ப் போவோம். தனியாக அழுகிற பிள்ளை பக்கத்தில் இன்னொரு பிள்ளை பாயை இழுத்துப் போட்டுப் படுக்கும். எங்களுக்குத் தெரிந்த கவுன்சலிங் அதுதான். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பகலில் பள்ளிக்கூடம். "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம்" என்று வகுப்பு நடுவில் சொல்வார்கள். எழுந்து நிற்போம். மீதிப் பேர் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். அம்பேத்கர் போராடி வாங்கின பணத்தை நாங்கள் குற்றவாளி மாதிரி நின்று வாங்கினோம். 2001-02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற தலித், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுத்தார்கள். முதலில் அது 'காலனி சைக்கிள்'. பிறகு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்; அன்றைக்கு அது வெறும் சைக்கிள் ஆனது. நமக்கென்று தொடங்கி எல்லோருக்கும் ஆன திட்டங்கள்தான் இந்த நாட்டில் உருப்பட்டிருக்கின்றன. நமக்கு மட்டும் என்று நின்றுபோனவை ஆஸ்டல் கக்கூஸ் மாதிரி கிடக்கின்றன.

2023இல் விடுதிப் பள்ளி மாணவருக்கான உணவுக் கட்டணத்தை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள். முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 47 ரூபாய்கூட வரவில்லை, மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025 ஜூலையில் எல்லா நல விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வைத்தார்கள். சாதிப் பெயர் பலகையிலிருந்து போவது நல்லது. லேபர், அரிசன, ஆதிதிராவிடர் என்று மூன்று பெயர் பார்த்தவர்கள் நாம், நாலாவதையும் பார்ப்போம். பலகைக்குக் கீழே தாழ்ப்பாள் வந்ததா என்பதுதான் நம் கேள்வி.

7

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் சாதிக் கயிறு வேண்டாம், அகரவரிசையில் உட்கார வை, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காதே, நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு சேர், பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் போடு என்றெல்லாம் அதில் இருக்கின்றன. எழுந்து நின்ற பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே ஒரு பரிந்துரையைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் என்கிறார்கள். சமைக்கிற தலித் பெண்ணை ஊர் விரட்டுகிறது. ஆகவே சமையலை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்கிற யோசனையாகவே அது நடைமுறையில் முடியும். அங்கே அவள் சமைக்கலாம், யார் சமைத்தார் என்று தெரியாததால் எல்லோரும் தின்பார்கள். நோக்கத்தை நாம் சந்தேகப்படவில்லை. ஆனால் தீண்டாமை தோற்பது சமைத்த கையைப் பார்த்துக்கொண்டே தின்கிறபோதுதான். கையை மறைத்துவிட்டுப் போடுகிற சோறு சண்டையைத் தவிர்க்கும், சாதியைத் தவிர்க்காது. அந்தப் பெண் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, அந்தப் பிள்ளைகள் கண்ணெதிரிலேயே பொங்கட்டும். தடுக்கிறவன் மேல் வழக்குப் போடட்டும். அதுவும் மாணவர் நலத் திட்டம்தான். தின்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நீதிபோதனை வகுப்பு ஏது?

மனநல ஆலோசகரும் வரட்டும். வந்து பிள்ளையிடம் "உனக்கு என்ன கஷ்டம்" என்று கேட்கட்டும். பிள்ளை சொல்லும்: கூட உட்கார மாட்டேங்குறாங்க, பேர் சொல்லிக் கூப்பிடாம தெருவைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, ஆஸ்டல்ல தண்ணி இல்ல, அறுப்புக்கு அம்மா கூப்பிடுது. இதில் மனசு சம்பந்தப்பட்டது எது, ஊர் சம்பந்தப்பட்டது எது? மூச்சை இழுத்து விடு என்று சொல்லி அனுப்பினால் அது ஆலோசனை இல்லை, வாயடைப்பு. நோய் ஊரில் இருக்கும்போது பிள்ளையைப் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கக்கூடாது. ஆலோசகர் எழுதுகிற குறிப்பு தாசில்தார் மேசைக்கும், சமையற்கூடத்துக்கும், விடுதிக் காப்பாளரின் கணக்கு நோட்டுக்கும் போக வேண்டும்.

விடுதிக்கு விடுதி அம்மாக்கள் குழு வேண்டும். நாற்று நட்ட கையோடு வந்து அரிசியை அள்ளிப் பார்க்கட்டும்; நல்ல நெல் எது, பதர் எது என்று அவர்களை விடத் தெரிந்தவர் யார்? தாழ்ப்பாளும் தண்ணீரும் முதல் செலவு, சுவர் எழுத்து கடைசிச் செலவு என்று ஆகவேண்டும். காலைச் சோறு உயர்நிலைப் பள்ளி வரைக்கும் வர வேண்டும். இவை சலுகை இல்லை. இந்த ஜில்லாவின் நெல் முழுக்க எந்தக் கைகளால் நடப்பட்டதோ, அந்தக் கைகளுக்கு இருநூறு வருஷமாய்ச் சேர வேண்டிய பாக்கி.